பிறநாட்டிற் பணிபுரியும் பொறியியலாளர்: வரலாறு காட்டும் தகைமைகள்

கணிதத்திற் சிறந்த மாணவன் ஒருவன் உயர்தர வகுப்பிற் புகும்போது வரலாற்றுப் புத்தகத்தை மூடி வைத்துவிடுவது நம் பாடசாலைகளில் நெடுநாளாக உள்ள வழக்கம். "நான் பொறியியல் படிக்கப் போகிறேன், இனி எனக்கு வரலாறு எதற்கு, சேர்?" என்று சென்ற ஆண்டு மாணவன் ஒருவன் என்னை நேரே கேட்டான். கேள்வியிற் குறும்பில்லை, அவனுக்கு உண்மையாகவே விடை வேண்டியிருந்தது. மணி அடித்துவிட்டமையால் நான் அன்று கூறிய விடை அரைகுறையாயிற்று. அதனை நிறைவு செய்யும் முயற்சியே இக்கட்டுரை.

பொறியியலுக்குக் கணக்கும் பௌதிகமும் தெரிந்தாற் போதும் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. அவ்விரண்டுமின்றிப் பொறியியல் இல்லை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இத்தொழில் ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்குவதன்று. ஒரு நாட்டில் வரையப்படும் வரைபடத்துக்கு வேறொரு நாட்டில் உருக்கு வார்க்கப்படுகின்றது. மூன்றாம் நாட்டுத் தொழிலாளர் நாலாம் நாட்டு மண்ணில் அதனைப் பொருத்துகின்றனர். நம் மாணவருட் பலர் படிப்பு முடிந்ததும் வளைகுடா நாடுகளுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் செல்கின்றனர். பாட்டன் பூட்டன் காலத்திலேயே யாழ்ப்பாணத்தார் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் சேவை செய்தனர் என்பதை இங்குள்ள குடும்பங்கள் பல அறியும். இவ்வாறு பிறநாட்டிற் சென்றும் பிறநாட்டாரோடு கூடியும் தொழில் செய்வோர்க்குக் கணக்குக்கு மேலாக வேண்டிய தகைமைகள் யாவை? இவ்வினாவுக்கு வரலாற்றில் விடை உண்டு. அவ்விடை சிலவிடத்து வெற்றியாகவும் சிலவிடத்துப் பேரிழப்பாகவும் எழுதப்பட்டுள்ளது.

முதலாவது தகைமை, சென்ற நாட்டின் மண்ணையும் மக்களையும் அறிய முயல்வது. பதினேழாம் நூற்றாண்டில் கோணீலியஸ் வெர்மூய்டன் என்னும் ஒல்லாந்தப் பொறியியலாளர் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள சதுப்பு நிலங்களை வடிக்கும் பணியை ஏற்றார். கடலை அணைத்து நிலம் மீட்பதில் ஒல்லாந்தருக்கு நிகரானோர் அக்காலத்தில் இல்லை. அவர் ஆறுகளின் வளைவுகளை விட்டு நேரான நெடுங்கால்வாய்களை வெட்டுவித்தார், நீர் வடிந்தது, செழுமையான வயல்கள் தோன்றின. ஆனால் அந்நிலம் அழுகிய தாவரங்கள் படிந்துண்டான கருஞ்சேற்று மண். நீர் நீங்கியதும் அது காய்ந்து சுருங்கியது. காலப்போக்கில் வயல்கள் ஆற்று மட்டத்திலும் தாழ்ந்தன. தானாக வடிந்த நீரைப் பின்பு காற்றாலைகள் கொண்டும், அதன் பின்பு நீராவிப் பொறிகள் கொண்டும் மேலேற்றி இறைக்க வேண்டியதாயிற்று. அப்பகுதியில் 1851 ஆம் ஆண்டில் நிலமட்டத்தோடு சமமாகப் புதைக்கப்பட்ட இரும்புத் தூணொன்று இன்று ஏறக்குறைய 4 மீற்றர் வெளியே நிற்கின்றது.

மண் இவ்வாறு எதிர்த்தது, மக்களும் எதிர்த்தனர். சதுப்பு நிலத்தில் மீன் பிடித்தும் நீர்ப்பறவை வேட்டையாடியும் நாணல் அறுத்தும் வாழ்ந்தோர் தம் பிழைப்பை இழந்தனர். அவர்கள் அணைகளை உடைத்தனர். வெர்மூய்டனின் திறமையை வரலாறு குறைத்துக் கூறவில்லை. ஆயினும் வயல் தோன்றினால் யாருடைய வாழ்வு மறையும், வடிந்த மண் நூறாண்டு கழித்து எந்நிலையில் இருக்கும் என்னும் இரு வினாக்களும் அவ்வேலையில் உரிய இடம் பெறவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இதற்கு மறுதலையான சான்று தமிழ்நாட்டிலே உண்டு. ஆதர் கொற்றன் என்னும் ஆங்கிலேயர் 1803 ஆம் ஆண்டிற் பிறந்தவர். பதினெட்டு வயதளவில் சென்னை மாகாணத்துக்குப் படைப் பொறியியலாளராக வந்தவர். அக்காலத்தில் தஞ்சை நாடு ஒரு பெரிய இடரை எதிர்நோக்கியிருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடக்கே செல்லும் கிளை கொள்ளிடம்; தெற்கே செல்வது காவிரி. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தும் சரிந்தும் இருந்தமையால் நீரின் பெரும்பகுதி அதன் வழியே கடலுக்கு ஓடியது. காவிரியோ மணலேறித் தூர்ந்துகொண்டு வந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே அணையிட்டால் இடர் தீரும் என்பது எவருக்கும் விளங்கும். ஆனால் அடிப்பாறை காணமுடியாத ஆழமுள்ள மணலின்மேல் அணையை எவ்வாறு நிறுத்துவது? கொற்றன் கற்ற கல்வியில் இதற்கு நேரான விடை இருக்கவில்லை.

விடை சில மைல் தொலைவில் ஆற்றிலேயே கிடந்தது. கரிகாலன் கட்டுவித்தான் என மரபு கூறும் கல்லணை, அதே மணற்படுகையின்மேல் பல நூற்றாண்டுகளாக வெள்ளங்களைத் தாங்கி நின்றது. பெருங்கற்களை மணலில் இட்டு, அவை அமிழ அமிழ மேலும் கற்களை இட்டு, அசையாத நிலை வரும்வரை அடுக்கிச் சென்ற முறையே அதன் உயிர்நிலை. ஆளும் இனத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், ஆளப்படுவோரின் பழைய வேலையைப் பார்த்து, 'இது நாட்டுப்புறத்தார் கட்டிய கற்குவியல்' என்று புறக்கணித்திருக்கலாம். கொற்றன் அவ்வாறு செய்யாது அதனை ஆராய்ந்தார். அவர் வகுத்த திட்டப்படி 1836 ஆம் ஆண்டளவிற் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் எழுந்தன. ஆழமறியா மணலில் அத்திவாரமிடும் வகையைத் தாம் அந்நாட்டு மக்களிடமிருந்தே கற்றதாகவும், அப்பாடத்தைக்கொண்டே பின்னைய பாலங்களும் அணைகளும் கட்டப்பட்டனவாகவும் அவர் தம் முதுமைக் காலத்தில் வெளிப்படையாக எழுதினார். 1847 ஆம் ஆண்டு தொடங்கி 1852 ஆம் ஆண்டில் முடிவுற்ற கோதாவரி அணைக்கட்டு அவ்வழியில் வந்த பெரும்பணியாகும்.

கொற்றனைக் குறைகாணா மனிதராகக் காட்டுதல் நம் கருத்தன்று. அவர் பணியால் ஆளும் கம்பனியின் வரி வருவாயும் பெருகிற்று. மேலணை கட்டிய சில ஆண்டுகளுள் காவிரியில் நீர் அளவுமீறிப் புகுந்து படுகையை அரிக்கத் தொடங்கவே, காவிரியின் தலைப்பிலும் ஆற்றுமட்டத்தில் ஓர் அணை இடவேண்டி வந்தது. ஆறு தம் கணக்கைத் திருத்தியபோது அத்திருத்தத்தை ஏற்கும் மனம் அக்காலப் பொறியியலாளரிடம் இருந்தது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

நம் நாட்டிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை நீர்ப்பாசனப் பகுதியிற் கடமையாற்றிய ஹென்றி பாக்கர், பாழடைந்த பழங்குளங்களைத் திருத்தும் வேலையில் ஈடுபட்டவர். குளக்கட்டினுள்ளே சதுரமாகக் கற்சுவர் வைத்துக் கட்டப்பட்ட, சிங்களவர் 'பிசோகொட்டுவ' என வழங்கும் கிணறு போன்ற அமைப்பை அவர் பல குளங்களிற் கண்டார். மேனாட்டிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பரவிய வால்வுக் கிணற்றின் தொழிலையே அது செய்தது என்றும், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்நாட்டார் அதனை அறிந்திருந்தனர் என்றும் 1909 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் நிறுவினார். பழைய கல்லொன்றை அகற்றுமுன் அது ஏன் அங்கே வைக்கப்பட்டது என்று கேட்ட ஒருவராலேயே இவ்வுண்மை வெளிப்பட்டது.

நிற்க. இதுவரை கூறியவை தனியொருவர் வேற்று நாட்டிற் கற்ற பாடங்கள். பல ஊரார் கூடி ஒரே வேலையைச் செய்யும்போது வேறு சில தகைமைகள் வேண்டும். அவை இல்லாதபோது நேரும் விளைவுக்கு, கனடாவின் கியூபெக் நகருக்கருகே சென் லோறன்ஸ் ஆற்றின்மேற் கட்டப்பட்ட பாலத்தினும் தெளிவான சான்று காண்டலரிது.

அப்பாலம் கன்ரிலீவர் எனப்படும் நெடுங்கைப் பால வகையைச் சேர்ந்தது. அவ்வகையின் தன்மையை விளக்க, ஸ்கொத்லாந்தின் போத் பாலத்தைக் கட்டிய பெஞ்சமின் பேக்கர் 1887 ஆம் ஆண்டளவில் எளிய காட்சியொன்றை அமைத்தார். இருவர் நாற்காலிகளில் அமர்ந்து இருபுறமும் கைகளை நீட்டினர். அக்கைகளை நாற்காலியின் அடியிலிருந்து சரிவாக எழும் கம்புகள் தாங்கின. வெளிப்புறக் கைகளிற் செங்கற் சுமை தொங்கியது. உட்புறக் கைகளுக்கிடையே தொங்கிய பலகையில் மூன்றாமவர் ஒருவர் அமர்ந்தார். அவரைத் தாங்கும்போது நீட்டிய கைகள் இழுவிசையையும் சரிந்த கம்புகள் அமுக்கத்தையும் ஏற்றன. நடுவில் அமர்ந்த அம்மூன்றாமவர் வத்தனபே கைச்சி என்னும் யப்பானியப் பொறியியலாளர். தோக்கியோவிலும் கிளாஸ்கோவிலும் கற்று, அப்பாலத்திற் பணிபுரிந்து, பின் தாய்நாடு மீண்டு இருப்புப்பாதைத் துறையிற் கடமையாற்றியவர். கீழைத்தேயத்தவர் ஒருவரை நடுவில் இருத்திய அப்புகைப்படம், பொறியியல் அக்காலத்திலேயே எல்லை கடந்த தொழிலாயிருந்தது என்பதற்கும் ஒரு சாட்சி.

1890 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட போத் பாலத்தின் பெருந்தூண்களுக்கிடையே 1,710 அடி தூரம். அதனை விஞ்சும் பாலமாகக் கியூபெக் பாலம் திட்டமிடப்பட்டது. பாலத்துக்குரிய கம்பனி கனடாவைச் சேர்ந்தது. உருக்கு வேலையை ஏற்ற கம்பனி ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள பீனிக்ஸ்வில் என்னும் ஊரில் இருந்தது. ஆலோசனைப் பொறியியலாளர் தியடோர் கூப்பர், அமெரிக்கரிடையே பெரும்புகழ் பெற்ற முதியவர், நியூயோர்க்கில் வாழ்ந்தவர். உயரத்தில் ஏறி உருக்கைப் பொருத்திய தொழிலாளருட் பலர் கானவாக்கே என்னும் ஊரைச் சேர்ந்த மொகோக் என்னும் கனடாப் பழங்குடியினர். இவ்வாறு ஒரே பாலத்தின் வேலை மூன்று ஊர்களிற் பகிரப்பட்டிருந்தது.

முதற் பிழை கணக்கில் நேர்ந்தது. கூப்பரின் ஆலோசனைப்படி 1900 ஆம் ஆண்டில் பாலத்தின் நடுநீளம் 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக்கப்பட்டது. நீளம் கூடினால் பாலத்தின் சொந்த நிறையும் கூடும். அந்நிறையை முறையாக மீண்டும் கணிக்காமலே உறுப்புகள் வரையப்பட்டன. வார்க்கப்பட்ட உருக்கின் மெய்யான நிறை பின்னர்த் தெரியவந்தபோது, உறுப்புகள் தாங்கவேண்டிய தகைப்பு எண்ணியதிலும் மிகுதி என்பது வெளிப்பட்டது. அப்போது வேலை பெரிதும் முன்னேறியிருந்தது. கூப்பர் அம்மிகுதியைப் பொறுக்கத்தக்கதெனக் கொண்டு வேலையைத் தொடரவிட்டார்.

கணக்குப் பிழை மனிதர்க்கு இயல்பு. அதனைப் பிறர் கண்டு திருத்தும் வழி இருந்திருப்பின் பாலம் பிழைத்திருக்கும். கனடா அரசாங்கத்தின் பொறியியற் பகுதி, கூப்பரின் திட்டங்களை வேறொருவர் பரிசீலித்தல் நன்று எனக் கருதியது. தம் முடிவின்மேல் இன்னொருவர் முடிவு செய்வதைக் கூப்பர் விரும்பவில்லை. அவருடைய புகழுக்கு அஞ்சி அனைவரும் இணங்கினர். கனடாக் கம்பனியின் தலைமைப் பொறியியலாளருக்கு இத்துணைப் பெரிய பாலத்திற் பழக்கமில்லை. அவரும் கூப்பரையே சார்ந்திருந்தார். கூப்பரோ உடல்நலம் குன்றியவர். மேற்கட்டுமானம் எழுந்த காலத்தில் ஒருமுறையேனும் அவ்விடத்துக்கு வரவில்லை. இறுதிச் சொல் நியூயோர்க்கில் இருந்தது. பாலமோ கியூபெக்கில் வளர்ந்தது.

கியூபெக்கில் அவருடைய கண்ணாக இருந்தவர் நோர்மன் மக்லூர் என்னும் இளம் பொறியியலாளர். 1907 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில், அமுக்கத்தைத் தாங்கும் கீழ்ப்புறப் பேருறுப்புகள் சிலவற்றில் வளைவு தோன்றியிருப்பதை அவர் அறிவித்தார். கூப்பர் கடிதத்திலும் தந்தியிலும் காரணம் வினவினார். வளைவு பொருத்துவதற்கு முன்பே இருந்ததாகும் எனப் பீனிக்ஸ்வில்லார் வாதித்தனர். வாதம் மூன்று வாரம் நீடித்தது. உருக்கு மேன்மேலும் ஏற்றப்பட்டது. 27 ஆம் நாள் அளந்தபோது, ஒரு வாரத்துக்கு முன் முக்கால் அங்குலமாயிருந்த ஓர் உறுப்பின் வளைவு இரண்டேகால் அங்குலமாகக் காணப்பட்டது. வேலைத்தலத்து மேற்பார்வையாளர் வேலையை நிறுத்தப்போவதாகக் கூறினார். மறுநாள் மனம் மாறித் தொடர்ந்தார். நிறுத்தும் அதிகாரம் தமக்கு உண்டு என்று அங்கிருந்த எவரும் துணியவில்லை.

மக்லூர் புகையிரதமேறி நியூயோர்க் சென்றார். 29 ஆம் நாள் நண்பகலளவிற் கூப்பரைக் கண்டார். கூப்பர் அபாயத்தை உடனே உணர்ந்தார். நிலைமையை நன்கு ஆராயும் வரை பாலத்தில் மேலும் சுமை ஏற்றவேண்டாம் எனத் தந்தி அடித்தார். ஆனால் அத்தந்தி பாலம் இருந்த கியூபெக்குக்கு அனுப்பப்படவில்லை; பீனிக்ஸ்வில்லுக்கு அனுப்பப்பட்டது. மக்லூரும் கியூபெக்குக்குத் தனியே தந்தி அடிக்கவில்லை. தந்தியைப் பெற்ற பீனிக்ஸ்வில்லார் அதனை மேற்கொண்டு அனுப்பவில்லை. மக்லூர் மாலையில் அங்கே போய்ச் சேர்ந்தார், பேச்சு நடந்தது, மறுநாட் காலை மீண்டும் ஆராய்வதென முடிவாயிற்று.

அம்மாலையே, ஐந்தரை மணி அளவில், வேலை முடியும் வேளையிற் பாலம் வீழ்ந்தது. ஏறக்குறைய 19,000 தொன் உருக்கு 15 வினாடியில் ஆற்றிற் சரிந்தது. அப்போது அதன்மேல் 86 பேர் இருந்தனர். 75 பேர் மாண்டனர். மாண்டோருள் 33 பேர் கானவாக்கே ஊரவர். ஒரே வேலைத்தலத்துக்கு ஊரின் ஆடவர் அனைவரும் போகலாகாது என அவ்வூர்ப் பெண்கள் அதன்பின் வற்புறுத்தினர் என்று வழிவழியாகக் கூறுவர்.

கனடா அரசு நியமித்த அரச ஆணைக்குழு 1908 ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. கீழ்ப்புற உறுப்புகளும் அவற்றைப் பிணைத்த பின்னற் சட்டங்களும் வலிமை குறைந்தனவாக வகுக்கப்பட்டமையே வீழ்ச்சிக்குக் காரணம் என்றும், வகுத்தவரும் அதனை ஏற்ற கூப்பரும் செய்த தீர்ப்புப் பிழையே அதற்கு அடிப்படை என்றும் அக்குழு கண்டது. இது பொறியியற் காரணம். வரலாற்று மாணவர் இதனோடு வேறொன்றையும் காண்பர். பிழை வீழ்ச்சிக்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது. வளைவை அளந்தவர் இருந்தார். அளவின் பொருளை உணர்ந்தவர் இருந்தார். தந்திக் கம்பியும் இருந்தது. அறிந்தவரின் சொல், செயற்படவேண்டியவரின் காதுக்கு உரிய வேளையிற் போய்ச்சேரவில்லை. திருவள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்ததன் அருமை இத்தகைய இடத்தில் விளங்கும்.

கியூபெக் பாலத்தின் துன்பம் அத்துடன் முடியவில்லை. புதிதாகக் கட்டியபோது, 1916 ஆம் ஆண்டு செப்டெம்பர் 11 ஆம் நாள், நடுப்பகுதியை உயர்த்துகையில் அது ஆற்றில் வீழ்ந்து மேலும் 13 பேர் உயிரிழந்தனர். 1917 ஆம் ஆண்டிலேயே பாலம் நிறைவெய்தியது. 1,800 அடி நீளமுள்ள அதன் நடுப்பகுதி அவ்வகைப் பாலங்களுள் இன்றும் உலகில் மிக நீண்டது. கனடாவிற் பட்டம் பெறும் பொறியியலாளர் தம் வலக்கையோ இடக்கையோ, எழுதும் கையின் சிறுவிரலில் இரும்பு மோதிரம் அணியும் சடங்கு 1925 ஆம் ஆண்டிற் தொடங்கியது. அம்மோதிரங்கள் வீழ்ந்த பாலத்தின் இரும்பாற் செய்யப்பட்டவை என்று பலர் கூறுவர், அது கட்டுக்கதை. ஆனால் அக்கதை இவ்வளவு பரவியமைக்குக் காரணம் உண்டு. வரைபடத்திற் கோடு இழுக்கும் கைக்கு, அக்கோட்டின்மேல் நடப்போரின் உயிர் நினைவில் இருக்கவேண்டும் என்பதை மக்கள் உணர்ந்திருந்தனர்.

தந்திக் காலத்துக் கதை இக்காலத்துக்குப் பொருந்துமோ என்று ஒருவர் வினவலாம். 1998 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா செவ்வாய்க் கோளை நோக்கி விண்கலம் ஒன்றை ஏவியது. 1999 ஆம் ஆண்டு செப்டெம்பர் 23 ஆம் நாள் அது செவ்வாயை அணுகியபோது, எண்ணிய உயரத்தினும் மிகத் தாழ்ந்து சென்று அழிந்தது. காரணம் வியப்புக்குரியது. கலத்தைச் செய்த நிறுவனத்தின் கணினி நிரல், உந்துகையின் அளவைப் பவுண்டு முறையில் அளித்தது. கலத்தை வழிநடத்தியோர் அதனை நியூட்டன் முறையிலான அளவென்று கொண்டனர். ஒரு பவுண்டு விசை ஏறக்குறைய 4.45 நியூட்டனுக்குச் சமம். சிறு சிறு பிழைகள் மாதக்கணக்காகச் சேர்ந்து கலத்தை வழி தவறச் செய்தன. ஒரே நாட்டில், ஒரே மொழி பேசும் இரு குழுவினரிடையே நேர்ந்தது இது.

இவ்விடத்தும் ஐயுற்றவர் இருந்தனர். வழிநடத்துவோருட் சிலர் கணக்குகள் ஒவ்வாமையைப் பறப்பு நடந்த காலத்திலேயே கண்டனர். ஆனால் அவ்வையம் முறைப்படி பதியப்பட்டு முடிவுவரை ஆராயப்படவில்லை எனப் பின்னர் விசாரித்த குழு கண்டது. நியூயோர்க்குக்கும் கியூபெக்குக்கும் இடையே 1907 ஆம் ஆண்டில் இருந்த தந்திக் கம்பியினும் ஆயிரம் மடங்கு விரைவான கருவிகள் இக்குழுக்களிடம் இருந்தன. கருவி விரைந்தால் மட்டும் சொல் போய்ச்சேராது என்பது இதனால் தெளிவாகின்றது.

இத்தகைய பட்டறிவுகளைப் பொறியியல் உலகமும் உணர்ந்துள்ளது. 1989 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் வாஷிங்டன் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. ஒரு நாட்டில் ஏற்கப்பட்ட பொறியியற் படிப்பை மற்றைய நாடுகளும் சமமாக மதித்தலே அதன் நோக்கம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 ஆம் ஆண்டில் அதன் முழு உறுப்பாகியது. பட்டதாரியிடம் எதிர்பார்க்கப்படும் பண்புகளின் பட்டியலொன்றை உடன்படிக்கை நாடுகள் வகுத்துள்ளன. அதில் கணிதமும் விஞ்ஞானமும் முன்னிற்கின்றன. அவற்றோடு தெளிவாக எழுதவும் பேசவும் வல்லமை, குழுவாகப் பணிபுரியும் திறன், தொழில் நெறி, சமூகத்துக்கும் சூழலுக்கும் வேலையால் நேரும் விளைவை அறிதல், வாழ்நாள் முழுதும் கற்றல் ஆகியனவும் இடம்பெறுகின்றன. நம் மாணவர் எந்தப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்றாலும், கிளிநொச்சி அறிவியல் நகரிலே பயின்றாலும், இத்தகைமைகள் அவர்களிடம் எதிர்பார்க்கப்படும்.

ஆயினும் இவற்றைப் பல்கலைக்கழகம் சென்று நான்காண்டிற் பெற்றுவிடலாம் என எண்ணுதல் தவறு. ஒரு பந்தியைத் தெளிவாக எழுதும் பழக்கம் பாடசாலையில் வரவேண்டியது. தமிழில் ஒரு செய்தியைக் குழப்பமின்றிச் சொல்ல இயலாதவனுக்கு ஆங்கிலத்திற் சொல்லும் ஆற்றல் திடீரென வாய்ப்பதில்லை. பெரியவரின் கணக்கிலே பிழை காணின் பணிவோடும் உறுதியோடும் எடுத்துரைக்கும் துணிவும் பாடசாலையிலேயே வரவேண்டியது. இவ்விடத்து ஆசிரியராகிய நாமும் நம்மை ஆராய்தல் வேண்டும். கரும்பலகையில் நாம் எழுதியது பிழையென மாணவன் எழுந்து சொன்னால் நாம் அவனை எவ்வாறு நோக்குகின்றோம்? மதிப்பும் வாய்மூடலும் ஒன்றெனக் கற்ற பிள்ளை, பின்னொரு நாள் வளைந்த உருக்கின் முன் நின்று, பெரியவர் அறிவார் என்று வாளாவிருக்கக்கூடும். கூப்பரைச் சூழ்ந்திருந்தோர் அறிவில்லாதவரல்லர். அவர்கள் அவருடைய புகழை மிகுதியாக மதித்தவர்கள்.

மக்லூரின் நிலையை நம் மாணவர் சிந்தித்தல் தகும். அவர் கடமையில் வழுவியவரல்லர். கண்டதை அளந்தார், அளந்ததை எழுதினார், நெடுந்தூரம் பயணித்து உரியவரை நேரிற் கண்டு கூறினார். நம் மாணவருள் ஒருவர் வேற்று நாடொன்றில் இளம் பொறியியலாளராக நிற்கும்போது பெரும்பாலும் அவர் நிலையிலேயே இருப்பார். மேலதிகாரி வேறொரு நாட்டில். வேலை செய்வோர் வேறு மொழியினர். அளவு அவர் கையில். அந்நேரத்தில் அவர் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: இச்செய்தி இப்போது யாரிடம் போய்ச் சேர்ந்தால் உயிர்கள் காக்கப்படும்? அதற்கு விடை கணக்குப் புத்தகத்தில் இல்லை.

இனி, என் மாணவனின் வினாவுக்கு வருவோம். வரலாறு அவனுக்குப் பாலம் கட்டக் கற்பிக்காது. வேறொரு நாட்டின் மணலில் நிற்கும் பழைய அணையொன்றைக் கண்டால் நின்று பார்க்கக் கற்பிக்கும். தான் வடிக்கும் சதுப்பில் வாழ்வோரை நினைக்கக் கற்பிக்கும். தன் கணக்கைப் பிறர் சோதிக்க விடுவது இழுக்கன்று எனவும் கற்பிக்கும். அவன் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சை எழுதுகின்றான். கணிதத்தில் மிகச் சிறந்த பெறுபேறு பெறுவான் என்பதில் எனக்கு ஐயமில்லை. பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் திறக்கும்வரை சில மாத ஓய்வு அவனுக்குக் கிடைக்கும். மூடிவைத்த புத்தகத்தை அப்போது ஒருமுறை திறந்து பார்ப்பானாயின், அன்று மணியடித்ததால் நான் கூறாது விட்ட மிகுதியை அவனே படித்துக்கொள்வான்.